கடன் பத்திரத்துச் சொற்கள் சில

ஆங்கிலங் கல்லாதாரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் நம் நாட்டிற் பலவுள. இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்திலே நைட்டி முதலிய ஆடைகள் தைப்பாரிடைச் சென்று கேட்பின், லோன், டியூ, பிளாட், கியாரண்டி என்பன தையற்பொறியின் ஓசையோடு கலந்து செவியில் விழும். இவற்றுட் சில பேச்சில் ஒரு பொருளும் பத்திரத்தில் வேறு பொருளும் தருதலால், கையொப்பமிடுவார்க்கு நேரும் இடர் சிறிதன்று. ஆகலின் அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

'பிரின்சிபல்' என்றவுடன் மாணவர்க்குக் கல்லூரித் தலைவரே நினைவுக்கு வருவார். பத்திரத்திலோ அது கடனாகப் பெற்ற மூலத்தொகை. தமிழிலும் 'முதல்' என்னும் ஒரு சொல்லினின்றே முதல்வரும் வந்தார். வணிகர் இடும் முதலும் வந்தது. நாம் பெரிதும் வழங்கும் 'அசல்' அரபுச் சொல்லாம். 'டியூ' என்பது ஆங்கிலத்திற் செலுத்தக் கடப்பாடுடையதைக் குறிக்கும். நாம் அதனைத் தவணைக்குப் பெயராக்கிக் கொண்டோம். இதனால் தீங்கொன்றுமில்லை.

மயக்கம் மிகுவது 'பிளாட்' என்னுஞ் சொல்லிலேயாம். மனையையும் பிளாட் என்கிறோம்; அடுக்குமாடி வீட்டையும் பிளாட் என்கிறோம்; ஆங்கிலத்தில் அவை இருவேறு சொற்கள். வட்டிக்கு அடையாக வருங்கால், முதலிற் பெற்ற முழுத்தொகைக்கே இறுதிவரை வட்டி கணக்கிடுதல் என்பது பொருள். கடன்பெற்றார் மடி தட்டையாவதால் இப்பெயர் வந்ததோ என ஐயுறலாம்! தையற்பொறி வாங்க ஒருவர் 12,000 ரூபாயை 12 விழுக்காட்டு பிளாட் வட்டிக்கு ஓராண்டுத் தவணையிற் பெறுகிறார் எனக் கொள்வோம். வட்டி 1,440 ரூபாய். மாதந்தோறும் 1,120 கட்டவேண்டும். ஆறாம் மாத முடிவில் முதலிற் பாதி தீர்ந்துவிடும். வட்டி மட்டும் 12,000 ரூபாய்க்கே ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் நிலுவைக்கு அதே 12 விழுக்காடு கணக்கிடின், ஓராண்டு வட்டி ஏறத்தாழ 794 ரூபாயேயாம். எனவே, 12 என்று சொல்லப்பட்டது மெய்யில் 21 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது.

இனிக் 'கியாரண்டி'. கடைக்காரர் இரண்டாண்டு கியாரண்டி என்றால், பொருள் பழுதுறின் பொறுப்பு அவருடையது. கடன் பத்திரத்திற் கியாரண்டி என்றால் பொறுப்பு கையொப்பமிடும் நம்முடையது. "சும்மா ஒரு கையெழுத்துத்தானே, மாமா" என்று கேட்கும் உறவினர்க்கு மறுப்புரைத்தல் நம்மூர்களில் அரிது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு கூறாவிடிற் பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஒத்த அளவினதாம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலிற் பிறப்பித்த ஆணைப்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிமனிதர்க்கும் சிறுதொழிலார்க்கும் புதிதாகத் தரும் தவணைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் உள்ளடக்கிய மெய்யான ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன்பெறுவார்க்கு விளங்கும் மொழியிலே கொடுத்தல் வேண்டும். தளவாய்புரத்தார் அதனைத் தமிழிற் கேட்கலாம். கையொப்பத்திற்கு முன்னரே கேட்டல் வேண்டும்.