பாம்பு இரையை மறுப்பதேன்?

பிராணிகளை வளர்ப்போர் யாவரும் அவற்றிற்கு உணவளிப்பதில் ஒருவகை இன்பம் காண்கின்றனர். பசு புல்லை மேய்வதையும், கிளி பழத்தைக் கொத்துவதையும் கண்டு மகிழாதார் யாவர்? ஆனால் பாம்பு வளர்ப்போர்க்கு இவ்வின்பம் எளிதில் வாய்ப்பதன்று. முன்னே இட்ட இரையை ஏறெடுத்தும் பாராது, வாரக்கணக்காகவும், சிற்சில வேளை மாதக்கணக்காகவும் சுருண்டு கிடக்கும் பாம்பைக் கண்டு கலங்குவதே அவர்களிற் பலர்க்கு நேர்வது. இது பிடிவாதம் என்று சிலர் சினப்பர். நோய் என்று சிலர் அஞ்சுவர். வாயைப் பிளந்து இரையைத் திணிப்பாரும் உளர். இம்மறுப்பின் காரணம் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை. ஆயின் அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பாம்பு வளர்ப்பு பரவிய வழக்கம். அங்கு மிகுதியாக வளர்க்கப்படுவனவற்றுள் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் முதலிய நாடுகளுக்குரிய அரச மலைப்பாம்பு. அஞ்சியபோது தலையை நடுவில் மறைத்துப் பந்துபோற் சுருளுவதால் பந்து மலைப்பாம்பு என்றும் இதனைக் கூறுவர். மூன்று முதல் ஐந்தடி நீளமே வளரும், நஞ்சில்லாதது, சாந்தமானது. எனினும் உணவு மறுப்பதில் இதற்கு நிகராகப் பெயர் பெற்ற வளர்ப்புப் பாம்பு வேறில்லை. ஆதலின் இப்பாம்பையே முதன்மையாகக் கொண்டு, வேண்டுமிடத்துப் பிற இனங்களையும் நோக்குவோம்.

மரபால் வந்த விருப்பம்

பாம்பு இரையை அறிவதற்குக் கண்ணினும் நாவே பெருந்துணை. பிளவுபட்ட நாவை நீட்டி, காற்றிலும் நிலத்திலுமுள்ள நுண்ணிய மணத்துகள்களை அது திரட்டுகிறது. வாயின் மேலண்ணத்தில் ஓர் இணை உறுப்புக்கள் உள்ளன. 1813-இல் லுட்விக் ஜேக்கப்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் விலங்குகளிடத்து இவ்வுறுப்பை விளக்கியமையால் இஃது அவர் பெயரால் வழங்குகிறது. நா கொணரும் துகள்களை ஆராய்ந்து, இஃது இரை, இஃது அன்று என்று மூளைக்கு உணர்த்துவது இவ்வுறுப்பே.

இவ்வறிவு பழக்கத்தால் வருவதா, பிறப்பால் வருவதா? கார்டன் பர்கார்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960-களில் இதனைச் சோதித்தார். ஒருமுறையேனும் உணவு உண்டறியாத பாம்புக் குட்டிகளின் முன், பற்பல இரைகளின் சாற்றில் நனைத்த பஞ்சை நீட்டினார். குட்டிகள் தத்தம் இனத்திற்கு இயல்பான இரையின் சாற்றை விரைந்து நாநீட்டி ஆராய்ந்தன. சில பாய்ந்து கடிக்கவும் செய்தன. ஏனைய சாறுகளை அவ்வளவு பொருட்படுத்தவில்லை.

இதனினும் வியப்பான செய்தியை ஸ்டீவன் ஆர்னால்டு என்பார் 1977-இல் வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஈரமான கடற்கரைப் பகுதியிலும், வறண்ட உள்நாட்டுப் பகுதியிலும் கார்ட்டர் பாம்பு என்னும் ஒரே இனம் வாழ்கிறது. கடற்கரைப் பாம்புகளுக்கு ஓடில்லா நத்தையே சிறந்த உணவு. உள்நாட்டிலோ அந்நத்தை இல்லை. அங்குள்ள பாம்புகள் மீனையும் தவளையையும் உண்டு வாழ்வன. இருவகைப் பாம்புகளும் ஆய்வுக்கூடத்தில் ஈன்ற குட்டிகளுக்கு ஆர்னால்டு நத்தையை இட்டபோது, கடற்கரைக் குட்டிகளிற் பெரும்பாலன உண்டன. உள்நாட்டுக் குட்டிகளிற் பெரும்பாலன மறுத்தன. நத்தையை விரும்பும் குட்டிகள் அட்டையையும் விரும்பக் கண்டார். உள்நாட்டு நீர்நிலைகளில் அட்டைகள் உண்டு. அவற்றை விழுங்குவது பாம்பிற்குத் தீங்காகலாம். ஆகவே நத்தையை வெறுக்கும் இயல்பே அங்கு நிலைபெற்றிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. ஒரு குட்டியின் மறுப்பிற்குப் பின்னே எத்தனையோ தலைமுறைகளின் வாழ்வு நிற்பதை இதனால் அறியலாம்.

ஆப்பிரிக்காவில் பறவை முட்டையன்றிப் பிறிதொன்றையும் தீண்டாத பாம்பு உண்டு. அதன் வாயிற் பற்கள் இல்லையென்றே சொல்லலாம். நம் இராஜநாகம் பெரும்பாலும் பிற பாம்புகளையே உண்பது. விலங்குக் காட்சிச்சாலைகளில் எலியின்மேல் பாம்பின் மணத்தை ஏற்றி இராஜநாகத்திற்கு இடுவதுண்டு. தேரையை விரும்பும் பன்றிமூக்குப் பாம்பின் குட்டிக்கு, சுண்டெலியின்மேல் தேரையின் மணத்தைத் தேய்த்துக் கொடுப்பர். மணம் மாறியவுடன் நேற்று மறுத்ததை இன்று விழுங்கும். அரச மலைப்பாம்போவெனில், நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் செய்த ஆராய்ச்சியின்படி, சிறியதாயிருக்கையில் பறவைகளையே மிகுதியும் உண்டு, வளர்ந்தபின் எலி முதலியவற்றை நாடுகிறது. வீட்டில் பிறந்த நாள்முதல் சுண்டெலியே உண்டு பழகியது, பெரிய எலியைக் கண்டால் இரையென்று கொள்ளாமையும் உண்டு.

வெப்பமும் மறைவிடமும்

பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே ஆக்கிக் காக்கவல்லதன்று. சூழலினின்றே அதனைப் பெறவேண்டும். உடல் குளிர்ந்திருப்பின் செரிமானம் நடவாது. விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். ஆதலின் குளிர்ந்த பெட்டியிலுள்ள பாம்பு உண்ண மறுப்பது அறியாமையன்று, தற்காப்பேயாம். அரச மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 சென்டிகிரேடு பாகை வெப்பமும், மறுபக்கம் சிறிது குளிர்ச்சியும் இருத்தல் வேண்டும். இப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. இருளில் எலியின் உடற்சூட்டை அவற்றால் அறிந்து பாயும். பனிப்பெட்டியினின்று எடுத்த எலியை வெதுவெதுப்பாக்காது இட்டால், பாம்பிற்கு அஃது இரையாகவே தோன்றாது.

தன் நாட்டில் இப்பாம்பு பகலெல்லாம் எலிவளையிலும் கறையான் புற்றிலும் ஒடுங்கியிருந்து இரவில் வெளிப்படுவது. நாற்புறமும் கண்ணாடியாய், ஒளிந்துகொள்ள ஓரிடமின்றி, காண்போர் கைகள் ஓயாது தீண்டும் பெட்டியில் அதனை வைத்தால், அச்சம் பசியை அடக்கிவிடும். உடல் முழுதும் சுவரில் உரசும்படியான ஒரு சிறு மறைவிடம் அமைத்துச் சில நாள் தொடாதிருந்த அளவிலேயே உண்ணத் தொடங்கிய பாம்புகள் பல.

காலமும் பட்டினியும்

தோலுரிக்குமுன் பாம்பின் கண் பால்போல் மங்கும். அந்நாட்களில் பெரும்பாலும் உண்ணாது. இணைசேரும் பருவத்தில் ஆண்பாம்புகள் மாதக்கணக்கில் உணவை மறப்பதுண்டு. பெண்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் உண்ணாது காவலிருக்கும்.

இத்தகைய பட்டினியை அது தாங்குவது எவ்வாறு? அரச மலைப்பாம்பு உள்ளிட்ட மூவகைப் பாம்புகளை 168 நாள் உணவின்றி வைத்து மார்ஷல் மெக்கியூ என்பார் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். பாம்புகள் ஓய்விலிருக்கையில் உயிர் காக்கச் செலவிடும் ஆற்றலை 72 விழுக்காடு வரையிலும் குறைத்துக்கொண்டமை புலனாயிற்று. உண்பதோ அவற்றிற்குப் பெருஞ்செலவான செயல். பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கியபின், அதன் உடலின் ஆற்றற்செலவு 40 மடங்கிற்கும் மேல் உயர்வதையும், குடல் சில நாளில் இருமடங்கு எடையாவதையும் ஸ்டீபன் செகார், ஜாரட் டயமண்டு என்னும் இருவர் 1990-களில் கண்டனர். நாள்தோறும் மும்முறை உண்ணும் நம் அளவுகோல் இப்பிராணிக்குப் பொருந்தாமை இதனால் விளங்கும்.

வளர்ப்போர் கடமை

அங்ஙனமாயின் எத்தனை நாளும் வாளாவிருக்கலாமோ எனின், அன்று. பட்டினியின் நாட்களை எண்ணுவதினும், பாம்பின் எடையை வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வைப்பதே தக்க முறை. கொழுத்த முதிர்பாம்பு மூன்று மாதம் உண்ணாதிருந்தும் எடை குறையாதிருக்கலாம். பொறித்துச் சில வாரமே ஆன குட்டிக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், முதுகெலும்பு புடைத்துத் தோன்றினாலும், வாயில் நுரையோ சீழோ காணினும், மூச்சில் இரைச்சல் கேட்பினும் அது பருவத்தின் மறுப்பன்று, நோயின் மறுப்பு. காலந்தாழ்த்தாது விலங்கு மருத்துவரை நாடவேண்டும்.

அந்நிலை இல்லாதபோது, முதலில் வெப்பத்தையும், பின் மறைவிடத்தையும், அதன்பின் இரையின் வகை, அளவு, மணம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்துக. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எக்குறையால் மறுத்தது என்பது விளங்காது. மறுத்த இரையை எடுத்துவிட்டு ஒருவாரமேனும் விட்டு மீண்டும் இடுக. உயிருள்ள எலியைப் பெட்டியில் விட்டுச் செல்லுதல் கூடாது. உண்ணாத பாம்பை எலி கடித்துப் பெரும்புண் ஆக்கியதுண்டு. வாயைத் திறந்து ஊட்டுதல் மருத்துவர் கண்காணிப்பிற் செய்யும் இறுதி முயற்சியாகவே இருத்தல் வேண்டும். பழகாதார் செய்யின் தாடை முறிவதும், அச்சத்தால் பின்னும் பலநாள் உண்ணாமையுமே பயனாகும்.

நம் நாட்டில் புற்றிற்குப் பால் வார்ப்பதும், பாம்பாட்டியின் நாகத்திற்குப் பால் கொடுப்பதும் அன்பின்பாற்பட்ட செயல்களே. ஆயினும் பால் பாம்பின் உணவன்று. நீரும் காட்டாது வைத்திருந்த பாம்பு வேட்கை மிகுதியால் குடிப்பதை விருப்பமென்று கொள்கிறோம். நமக்கு இனியது அதற்கும் இனியதென்று எண்ணுவதே இங்குள்ள பிழை. கண்ணாடிப் பெட்டியில் எலியை வைத்துச் சினப்பவர் செய்வதும் அதே பிழைதான்.

காட்டிலுள்ள பாம்பு தனக்கு ஒவ்வாத இடத்தை விட்டு அகலும். வேறு இரையைத் தேடும். பெட்டியிலுள்ளதற்கோ மறுப்பதொன்றன்றி வேறு வழியில்லை. அம்மறுப்பை அடக்க முயலாது, அதன் காரணத்தைப் பொறுமையுடன் தேடி நீக்குவதே அதனை அடைத்து வைத்தவர் அதற்குச் செய்யக் கடமைப்பட்ட உதவியாகும். உயிர்நூல் பயிலும் மாணவர்க்கும் இப்பொறுமை இன்றியமையாதது.