தொழிலாளர் வீடும் ஒரு மரபுச் செல்வமே



பான் நகருக்கு வரும் உறவினரை நாம் தவறாது அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று, இசைமேதை பீத்தோவன் 1770 இல் பிறந்த இல்லமாகும். அது இடிபடவிருந்த வேளையில், 1889 இல் இந்நகரத்தவர் பன்னிருவர் சங்கம் அமைத்து, வீட்டை வாங்கிக் காத்தனர். பெருமக்கள் பிறந்த வீட்டைப் பேணுவதன் நோக்கம் எவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால், வரலாற்றில் பெயர் பொறிக்கப்படாத தொழிலாளர் வாழ்ந்த வீட்டையும் பேணுதல் வேண்டுமா? இவ்வினாவுக்கு நாம் வாழும் மாநிலத்திலேயே விடை உண்டு.

ஓபர்ஹவுசன் நகரில் ‘ஐசன்ஹைம்’ என்னும் குடியிருப்பு உள்ளது. யேர்மன் மொழியில் ‘ஐசன்’ என்பது இரும்பு; ‘ஹைம்’ என்பது இல்லம். இரும்பாலை நிறுவனம் ஒன்று, தூர இடங்களிலிருந்து வந்த தன் தொழிலாளருக்காக 1846 இல் இதனை அமைக்கத் தொடங்கியது. ரூர் பிரதேசத்தின் மிகப் பழைய தொழிலாளர் குடியிருப்பு இதுவே.

இங்கு முதலில் எழுந்தவற்றுள் இரட்டை வீடுகள் இருந்தன. ஒரே கூரை, நடுவே ஒரு பொதுச்சுவர், இருபுறமும் இரு குடும்பங்கள் என்பதே இரட்டை வீட்டின் அமைப்பு. சுவரும் கூரையும் பொதுவாவதால் செலவு குறையும். ஆயினும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி வாசல் உண்டு. பின்னர் 1860களில், ஒரே கட்டடத்தைச் சிலுவை வடிவில் நான்காகப் பிரித்து, நான்கு பக்கமும் நான்கு வாசல் வைத்த வீடுகளும் எழுந்தன. வீட்டோடு காய்கறித் தோட்டமும் ஆடு, பன்றி வளர்க்கத் தொழுவமும் இருந்தன. குறைந்த கூலியில் குடும்பம் பிழைத்ததற்கு அத்தோட்டமும் ஒரு காரணம்.

எனினும், இதனை முதலாளியின் கருணை என்று மட்டும் கொள்ளலாகாது. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலையை இழந்தவர் வீட்டையும் இழக்க நேரிடும். அச்சுவர்கள் அரவணைப்புக்கும் அடக்குமுறைக்கும் ஒருங்கே சான்று பகர்கின்றன.

காலப்போக்கில் ஐசன்ஹைமை இடித்துவிட்டுப் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிடப்பட்டது. 1972 இல் குடியிருந்தோர் அதனை எதிர்த்து ஒன்றுதிரண்டனர். றோலன்ட் குன்டர் என்னும் கலைவரலாற்று அறிஞரும் அவர்தம் துணைவியாரும் மாணவர்களும் துணைநின்றனர். வீடுகள் காக்கப்பட்டன, பொதுச் சலவைக்கூடம் அருங்காட்சியகமாயிற்று. இம்மாநிலத்தில் 1980 இல் இயற்றப்பட்ட நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டமும், தொழில் மற்றும் உற்பத்தி உறவுகளின் வளர்ச்சியைக் காட்டும் கட்டடங்களைப் பேணத்தக்கவையென ஏற்றுக்கொண்டது. அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் உரிய மதிப்பு தொழிலாளரின் அடுக்களைக்கும் கிட்டிற்று.

நம்மவர் வரலாற்றிலும் இதற்கு நிகரானது உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து இலங்கை மலையகம் சென்ற தோட்டத் தொழிலாளருக்குக் கிடைத்தவை ‘லயன்’ எனப்படும் நீண்ட வரிசைக் குடியிருப்புகளே. ஒரு குடும்பத்திற்குப் பெரும்பாலும் ஓர் அறை. அங்கும் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2007 இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், பழைய லயன் குடியிருப்பே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. இதனால் லயன் வாழ்வு போற்றப்படுகின்றது என எண்ணற்க. அங்கு இன்றும் வாழ்வோர்க்கு நல்ல வீடு கிடைப்பதே முதற்கடன். ஆயினும் பழைய லயன்களுள் ஒன்றேனும் நிலைத்தாற்றான், அத்தனை பேர் எவ்வளவு சிறிய இடத்தில் வாழ்ந்தனர் என்பதைப் பின்வருவோர் கண்ணாற் காண்பர்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் நம்முள் பலர் பிறந்த வீட்டை இழந்தோம். சுவர் இல்லாதவிடத்து நினைவு ஒன்றே எஞ்சியிருக்கும் ஆவணம். அதுவும் முதியோரோடு மறைந்துவிடக்கூடியது. ஆதலால் இவ்விடுமுறையில் மாணவர்கள் செய்யவேண்டிய பயிற்சி இது:

1. பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வாழ்ந்த வீட்டின் வரைபடத்தை வரைக.
2. முற்றம், விறாந்தை, அடுக்களை, கிணறு முதலியவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுக.
3. அவ்வீட்டை யார், எவ்வாறு, எந்தப் பொருளால் கட்டினர் என எழுதுக.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது “அதெல்லாம் போய்விட்டது” என்று ஒதுக்காது, பொறுமையுடன் அருகிருத்திச் சொல்லுங்கள். கல்லால் ஆன வீட்டை நம்மால் காக்க இயலாமற் போயிற்று. தாளில் எழுதும் வீட்டையேனும் காப்போமாக!