வடிக்கிறதுக்கு முன்னாடி: வீட்டிலேயே டிஃபரன்ஷியல் வேலை

"டிஃபரன்ஷியல் வேலை செய்யும் விதத்தைப் படத்துடன் விளக்குக." நம்ம மெக்கானிக்கல் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச 13 மார்க் கேள்வி. நானும் படம் போட்டேன், அம்புக்குறி போட்டேன், மார்க்கும் வாங்கினேன். ஆனா போன லீவுல பெரியப்பாவோட ஆம்னி வேனுக்கு அடியில படுத்தப்பதான் ஒரு உண்மை புரிஞ்சது: எனக்குப் படம் தெரியும், பொருள் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பத்தினது. பின்சக்கர டிரைவ் வண்டி (ஆம்னி, ஜீப், அம்பாசடர் மாதிரி) வீட்டுல இருக்கிறவங்க கையிலேயே செஞ்சு பார்க்கலாம். மத்தவங்க பரீட்சைக்காவது படிச்சு வைங்க.

முதல்ல, இது எதுக்கு?

ஒரு யு-டர்ன் போடுறீங்கன்னு வைங்க. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய அரைவட்டம் போகுது, உள்பக்கச் சக்கரம் சின்ன அரைவட்டம் போகுது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில 1.2 மீட்டர் இருந்தா, தூர வித்தியாசம் π × 1.2, அதாவது சுமார் 3.77 மீட்டர். இதுல அழகு என்னன்னா, நீங்க குறுகலா திருப்பினாலும் அகலமா திருப்பினாலும் இந்த வித்தியாசம் மாறாது. டயரோட சுற்றளவு 1.7 மீட்டர்னா, ஒவ்வொரு யு-டர்னுக்கும் வெளிச்சக்கரம் ரெண்டு சுத்துக்கு மேல அதிகமா சுத்தியே ஆகணும். ரெண்டையும் ஒரே கம்பியில இறுக்கி வெச்சிருந்தா, ஒரு டயர் ரோட்டைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பும்.

அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுனியில இருக்கிற பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுத்துது. கிரவுனோட சேர்ந்து ஒரு கூடு சுத்துது. அந்தக் கூட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள் வலது, இடது ஆக்சிலுக்கு வேகத்தைப் பிரிச்சுக் கொடுக்குது. விதி ஒண்ணுதான்: இடது வேகம் + வலது வேகம் = 2 × கிரவுன் வேகம். ஒண்ணு எவ்வளவு குறையுதோ, இன்னொண்ணு அவ்வளவு கூடும்.

ஆனா முறுக்குவிசை மட்டும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாத்தான் போகும். ஒரு சக்கரம் சேத்துல வழுக்கினா அதுக்குத் தேவையான விசை ரொம்பக் கம்மி. கெட்டித் தரையில நிக்கிற மறு சக்கரத்துக்கும் அதே கம்மிதான் கிடைக்கும். ஒண்ணு சும்மா சுத்த, இன்னொண்ணு அசையாம நிக்கிறது இதனாலதான்.

எதையும் கழட்டாம ஒரு சோதனை

உங்க வண்டியோட கியர் விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு சாக்பீஸும் கூட ஒரு ஆளும் போதும். அதுக்கு முன்னாடி பாதுகாப்பு, இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம்:

• சிமென்ட் தரை வேணும். மண்ணுல ஜாக்கி புதையும்.
• முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டா அதை நம்ப முடியாது.
• ஜாக்கி தூக்கிறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்ல. ஆக்சில் குழாய்க்கு அடியில ஜாக்கி ஸ்டாண்ட் வெச்ச பிறகுதான் உள்ள போகணும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டவே வேண்டாம். அது மெதுவா சாயாது, பட்டுன்னு நொறுங்கும்.
• ஒரு சக்கரம் தூக்கியிருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க.

இப்போ ஒரே ஒரு பின்சக்கரத்தைத் தூக்குங்க. தரையில இருக்கிற பின்சக்கரத்துக்கும் கட்டை போடுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரிலீஸ். டயர்லயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. மேல இருக்கிற விதிப்படி ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் ரெண்டு. அப்போ கிரவுன் ஒரு சுத்து. அதுக்குள்ள ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ, அதுதான் விகிதம். எங்க வேன்ல அஞ்சு சுத்துக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு.

அந்தக் "கொஞ்சம் மேல" காரணத்தோடதான் இருக்கு. உதாரணத்துக்கு கிரவுன்ல 41 பல், பினியன்ல 8 பல்னா விகிதம் 5.125. ஏன் 40-ம் 8-ம் வெச்சு நேரா 5 ஆக்கக் கூடாது? அப்படிச் செஞ்சா பினியனோட ஒரு பல், கிரவுன்ல இருக்கிற அதே அஞ்சு பல்லைத்தான் ஆயுசு முழுக்கச் சந்திக்கும். ஒரு பல்லுல குறை இருந்தா தேய்மானம் அங்கேயே குவியும். 41-க்கும் 8-க்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானமும் பரவும். மீ.பொ.வ. எங்க உபயோகப்படும்னு எட்டாவதுல கேட்டோம்ல, இங்கதான்.

சத்தம் சொல்ற சேதி

"கிரவுன் சத்தம் வருது"ன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றதைக் கேட்டிருப்பீங்க. எல்லாச் சத்தமும் கிரவுன் சத்தம் இல்ல. ஓட்டிப் பார்த்து இப்படிப் பிரிச்சுப் பாருங்க:

• ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஊளை, விட்டா ஊளை மாறுது அல்லது நிக்குது: கிரவுன்-பினியன் பக்கம் சந்தேகம்.
• வண்டி வேகத்தோட ஏறி இறங்குற உறுமல், இடம் வலம் வளைச்சா கூடுது குறையுது: வீல் பேரிங்கா இருக்கலாம்.
• திரும்பும்போது மட்டும் கடகட: கூட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள்.
• ஃபர்ஸ்ட்ல இருந்து ரிவர்ஸ் மாத்தும்போது "டொக்": முதல்ல புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கிராஸைப் பாருங்க. அது சரியா இருந்தா மட்டும் டிஃபரன்ஷியல் மேல பழி போடலாம்.

ஆயில் மாத்துறது, நான் மாட்டிக்கிட்டது

வீட்டுல தைரியமா செய்யக்கூடிய வேலை ஆயில் மாத்துறது. பத்து நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, வண்டியைச் சமதளத்துல நிறுத்தணும். கீழ வடிக்கிற பிளக், மேல நிரப்புற பிளக். ஒண்ணைத் திறந்து வடி, இன்னொண்ணைத் திறந்து ஊத்து. இவ்வளவுதானேன்னு நானும் நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கீழ் பிளக்கைத் திறந்து பழைய ஆயிலை மொத்தமா வடிச்சுட்டேன். கருப்பா கொழகொழன்னு வந்துச்சு, பெருமையா இருந்துச்சு. அப்புறம் மேல் பிளக்கைத் திறக்கப் போனா, அசையல. துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. ஸ்பேனர் வழுக்கி, பிளக்கோட முனைகள் மழுங்க ஆரம்பிச்சது. ஹவுசிங்ல சொட்டு ஆயில் இல்ல. விடியக்காலை மூணு மணிக்கு அந்த வேன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போகணும். பறிச்ச தக்காளி பெட்டியில காத்துக்கிட்டு இருக்கு.

பெரியப்பா வந்து குனிஞ்சு பார்த்தார். திட்டல. "ஏன்டா, ஊத்துற வழி இருக்கான்னு பாக்காமயா வடிச்ச?" அவ்வளவுதான் கேட்டார். அதுக்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து, துருநீக்கி ஸ்ப்ரே அடிச்சு, சுத்தியலால நாலு தட்டு தட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பைப் ரெஞ்ச் போட்டு ஒரு வழியா எடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு ஆயில் ஊத்தினோம். வேன் நேரத்துக்குக் கிளம்பிருச்சு. நான் தூங்கல.

அதனால இதை மட்டும் மறக்காதீங்க: நிரப்புற பிளக்கை முதல்ல திறங்க. அது திறந்தாதான் வடிக்கிற பிளக்குல கை வைக்கணும். திறக்கலைன்னா பழைய ஆயிலோடவே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போகலாம். வடிச்சுட்டா அந்த வழியும் போச்சு.

மிச்ச விவரங்கள் சுருக்கமா. நிரப்புற ஓட்டை வரைக்கும் ஊத்தி, வழிய ஆரம்பிச்சா போதும். வண்டி சாய்வா நின்னா இந்த அளவு தப்பாகும். வண்டியோட கையேட்டுல போட்டிருக்கிற கிரேடுதான் வாங்கணும். ஹைபாய்டு வகைப் பல்சக்கரங்கள்ல பல் மேல பல் உருளுறதோட சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்துல சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிஞ்சிடும். அதனாலதான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த ஜிஎல்-5 வகை ஆயில் கேக்குறாங்க. மிச்சம் இருக்கேன்னு அதை ஜிஎல்-4 கேக்குற கியர்பாக்ஸ்ல ஊத்தாதீங்க. உள்ள இருக்கிற பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாம போகலாம்.

ஆக்சில் மேல இருக்கிற பிரீதரையும் துடைங்க. அது அடைச்சா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயில் கசியும். அது பிரேக் டிரம்முக்குள்ள போனா பிரேக்கே பிடிக்காது. சின்ன மூடி, பெரிய ஆபத்து.

வடிச்ச ஆயிலை உடனே தூக்கிக் கொட்டாதீங்க, விரல்ல தொட்டுப் பாருங்க. சாம்பல் நிறப் பசை மாதிரி நைசா இருந்தா வழக்கமான தேய்மானம். துண்டு துண்டா உலோகம் இருந்தா, பல்லோ பேரிங்கோ உடையுது. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு. பார்த்து முடிச்சதும் கேன்ல பிடிச்சுப் பழைய ஆயில் வாங்குறவங்ககிட்ட கொடுங்க. சாக்கடையில வேண்டாம்.

எங்க நிறுத்தணும்?

பினியன் நட், கிரவுன் பக்கத்து பேரிங், ஷிம். இந்த மூணையும் வீட்டுல தொடாதீங்க. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில விட வேண்டிய ஆட்டம் பல வண்டிகள்ல 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அதை டயல் கேஜ் வெச்சு அளக்கணும். பல்லுல சாயம் தடவிச் சுத்தி, தடம் நடுவில விழுதான்னு பார்க்கணும். பினியன் நட்டோட இறுக்கம் உள்ள இருக்கிற பேரிங்கோட அழுத்தத்தையும் தீர்மானிக்குது. "நல்லா இறுக்கிட்டேன்"ங்கிற பேச்சுக்கே அங்க இடம் இல்ல. கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் தயாராகுது. ஒண்ணு போனா ரெண்டையும் மாத்தணும்.

தெரியாததைத் தொடாம விடுறது கோழைத்தனம் இல்ல. அதுவும் இன்ஜினியரிங்தான். அடுத்த தடவை எதைக் கழட்டப் போனாலும், ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி பெரியப்பாவோட கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கோங்க: ஊத்துற வழி இருக்கா?