எம்.சி. ரோட்டுக்கு மண்ணுக்குள் ஒரு வழி

சேவுகம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை, கிழக்கே திரும்பினால் சிறுமலை. நம்மூர்க்காரருக்குத் திசை கண்ணிலேயே இருக்கிறது. பூமிக்கடியில் மலை ஏது? கல்யாணத் துணி எடுக்கச் சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகிற நம்மவர்கள் சுரங்க மெட்ரோ என்றதும் தயங்குவது இதனால்தான். அப்பத்தாவையும் இரண்டு அத்தைகளையும் கூட்டிப்போய் வந்தவள் என்ற முறையில் வழி சொல்கிறேன்.

கொடை ரோட்டில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். துணிக்கடைகள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். அதனால் பறக்காதீர்கள். எழும்பூரிலேயே முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணி வாக்கில் கிளம்பினால் போதும். பஸ்ஸில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையத்துக்கோ கிண்டிக்கோ வந்து நீல வழித்தட ரயிலைப் பிடித்தால், இடையில் மாறாமலே வண்ணாரப்பேட்டை.

எழும்பூரில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ. படியிறங்கியதும் பைகளை ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும். அதன் பிறகு கவுன்ட்டரில் “வண்ணாரப்பேட்டை” என்று கேட்டு, ஆளுக்கொரு சீட்டு வாங்குங்கள். குறைந்த கட்டணம் 10 ரூபாய். எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டாது. சீட்டில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு அச்சாகியிருக்கும். அதைக் கதவிலுள்ள கண்ணாடியில் காட்டினால் வழி திறக்கும்.

அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இறங்கிய இடத்திலும் அதைக் காட்டினால்தான் வெளியே விடும். எங்கள் அப்பத்தா அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுவிட்டார். வண்ணாரப்பேட்டையில் எடுத்துப் பார்த்தால் கட்டங்களின் மேல் வெற்றிலைச் சுண்ணாம்பு. கதவு அசையவில்லை. பின்னால் கூட்டம் சேர, அப்பத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஊழியரிடம் காட்டினோம். பார்த்துவிட்டு ஓரக் கதவைத் திறந்துவிட்டார். அதிலிருந்து எல்லார் சீட்டையும் மடிக்காமல் என் பர்ஸில் வைத்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் வந்ததும் பிரித்துக் கொடுக்கிறேன்.

அடுத்தது நடைமேடை. எழும்பூரில் நீங்கள் பார்க்க வேண்டிய பெயர் சென்ட்ரல். பரங்கிமலை என்று போட்டிருக்கும் பக்கம் போகக் கூடாது. ஒரே ஒரு நிறுத்தம்தான், உட்காரக்கூட நேரமிருக்காது. அறிவிப்பில் எம்.ஜி.ஆரின் முழுப்பெயரைச் சொல்லித்தான் சென்ட்ரல் என்பார்கள், அந்தப் பெயருக்கே காது கொடுங்கள். அங்கே இறங்கியதும் வெளியே போகும் கதவுப்பக்கம் போய்விடாதீர்கள். உள்ளேயே தளம் மாறி நீல வழித்தடத்துக்குப் போக வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறும் இடமே இதுதான். நீல வழித்தடத்தில் ஒரு முனை விம்கோ நகர் பணிமனை, மறு முனை விமான நிலையம். இரண்டும் “விம்”, “விமா” என்று ஒரே மாதிரி கண்ணில் படும். அவசரத்தில் பலகையைப் பாதி படித்து ஏறினால் மீனம்பாக்கத்துக்கே போய்ச் சேர்வீர்கள். நின்று, முழுப் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். விம்கோ நகர் வண்டி ஏறினால் உயர்நீதிமன்றம், மண்ணடி, மூன்றாவது வண்ணாரப்பேட்டை. 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி திறந்த நிலையம் இது. இரண்டு ஆண்டுகள் இதுதான் வடமுனையாக இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் தடம் விம்கோ நகர் வரை நீண்டது.

நடைமேடையில் கண்ணாடித் தடுப்பு உண்டு. ரயில் வந்து நின்ற பிறகே அதன் கதவும் திறக்கும், ஆகவே குழந்தைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது நகரும் படிக்கட்டுக்கு. முந்தானையை இடுப்பில் செருகுங்கள், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெளியே ஏறும் முன் அரை நிமிடம் நில்லுங்கள். ஒரு நிலையத்துக்குப் பல வாசல்கள். தப்பான வாசலில் ஏறினால் சாலைக்கு அந்தப்புறம் முளைப்பீர்கள், பிறகு போக்குவரத்தைக் கடக்கிற பாடு. “எம்.சி. ரோட்டுக்கு எந்த வாசல்?” என்று கதவருகே நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். மேலே வந்ததும் திரும்பி நின்று அந்த வாசலின் பலகையைப் போனில் ஒரு படம் எடுங்கள். மாலையில் இரண்டு கையிலும் பையோடு வரும்போது நமக்கு மலையும் கோபுரமும் அந்தப் படம்தான்.

கடை கடையாக ஏறி இறங்கி மூட்டை பெரிதாகிவிட்டால் அதை மெட்ரோவில் இழுக்காதீர்கள். பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டு, பட்டையும் நகையையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் சென்ட்ரலில் நெரிசல் அதிகம். ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். திரும்பும்போது முதலில் விமான நிலையப் பக்கம் போகும் வண்டி, சென்ட்ரலில் மாறி, பரங்கிமலைப் பக்கம் போகும் வண்டி, முதல் நிறுத்தம் எழும்பூர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் பைகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள். நாங்கள் எண்ணியபோது பதினொன்று இருந்தது, கிளம்பும்போது பன்னிரண்டு. அத்தை தலைக்கு வைத்துப் படுத்திருந்ததுதான் அந்தப் பன்னிரண்டாவது.