செங்கோட்டையில் விடுதலைத் திருநாள்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் டில்லி மாநகர் விழாக்கோலம் பூணுகிறது. காலையில் பிரதமர், காந்தியடிகளின் நினைவிடமாகிய ராஜ்காட்டில் மலர் தூவி வணங்குகிறார். பின்னர்ச் செங்கோட்டைக்கு வருகிறார். கோட்டை மதிலின்மேல் மூவண்ணக் கொடி ஏறுகிறது. 21 முறை பீரங்கி முழங்குகிறது, நாட்டுப்பண் ஒலிக்கிறது. பழைய டில்லியின் மாடிகளிலிருந்து சிறுவர் விடும் பட்டங்கள் வானெங்கும் பறக்கின்றன.

தலைநகரில் மாளிகைகள் பல இருக்க, பிரதமர் இக்கோட்டையில் கொடி ஏற்றுவது ஏன்? அதன் வரலாறே விடை கூறும்.

யமுனைக் கரையில் செந்நிறக் கல்லால் இக்கோட்டையை எழுப்பியவர் முகலாயப் பேரரசர் ஷாஜஹான். அது 1648இல் முற்றுப்பெற்றது. 1857இல் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த படைவீரர்கள், அங்கு வாழ்ந்த முதிய மன்னர் பகதூர்ஷாவைத் தம் தலைவராகக் கொண்டனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தம் முன்னோர் கொலுவீற்றிருந்த மண்டபத்திலேயே அம்மன்னர் 1858இல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். பின்னர் இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862இல் அங்கேயே உயிர் நீத்தார்.

ஆண்டுகள் பல உருண்டோடின. இரண்டாம் உலகப் போரின்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், டில்லியை நோக்கிப் புறப்படுமாறு இந்தியத் தேசியப் படையை அழைத்தார். மலேயாவில் வாழ்ந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். ஆனால் அதன் வீரர்கள் வெற்றியாளராய் டில்லியை அடையவில்லை, கைதிகளாகவே அடைந்தனர். ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் என்னும் மூவர் 1945இல் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். சமய வேறுபாடின்றி மக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும், மக்களின் எழுச்சியைக் கண்ட ஆட்சியாளர் 1946இல் அம்மூவரையும் விடுவித்தனர்.

இவ்வாறு உரிமை வேட்கை குற்றமெனக் கருதப்பட்ட அதே இடத்தில், 1947 ஆகஸ்டு 16ஆம் நாள், விடுதலை பெற்ற மறுநாள், பிரதமர் நேரு நாட்டுக் கொடியை ஏற்றினார். சிறையாய் இருந்த கோட்டை உரிமையின் சின்னமாயிற்று.

எனினும், தலைநகர் களித்த அந்நாளில் காந்தியடிகள் அங்கு இல்லை. சமயக் கலவரத்தால் புண்பட்டிருந்த கல்கத்தாவில், முஸ்லிம் தலைவர் சுஹ்ரவர்தியோடு ஒரே வீட்டில் அவர் தங்கியிருந்தார். விடுதலை நாளை உண்ணா நோன்பிலும் வழிபாட்டிலும் நூல் நூற்பதிலும் கழித்தார். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சி வாழும் நாட்டில் விடுதலை நிறைவுறாது என்பதை அவர் தம் செயலால் உணர்த்தினார்.

செங்கோட்டையில் பறக்கும் கொடி, உரிமைக்காகத் துன்புற்றோரை நினைவூட்டுகிறது. கல்கத்தா நோன்போ, அவ்வுரிமையைப் பெற்றோரின் கடமையை நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் மறவாதவரே விடுதலைத் திருநாளை உண்மையாகக் கொண்டாடுபவர் ஆவர்.