பாலத்திற்கும் ஒரு பேரேடு

1967 டிசம்பர் 15. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மீது இருந்த சில்வர் பாலம் மாலை நெரிசல் வேளையில் இடிந்து ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். 1928-இல் கட்டப்பட்ட அப்பாலத்தை, முனையில் துளையுள்ள எஃகுச் சட்டங்களைக் கோத்துச் செய்த சங்கிலிகள் தாங்கி நின்றன. அவற்றுள் ஒரு சட்டத்தில் இருந்த, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உள்ள வெடிப்புதான் விபத்துக்குக் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

இதே அமைப்புள்ள பாலம் வேறெங்கே உள்ளது? அதே ஆற்றில் செயின்ட் மேரிஸ் என்னும் ஊரில் ஒன்று இருந்தது. அதை உடனே மூடினார்கள். 1971-இல் இடித்தே விட்டார்கள். ஆனால் நாட்டிலுள்ள எல்லாப் பாலங்களையும் பற்றி இக்கேள்விக்கு விடை சொல்லும் ஓர் ஏடு அன்று இல்லை. 1971-இல் வந்த தேசிய விதிகள் அக்குறையைப் போக்க வழி செய்தன.

ஏட்டில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு பாலத்திற்கும் தனி எண் உண்டு. இடம், கட்டிய ஆண்டு, அமைப்பு, கட்டுமானப் பொருள், போக்குவரத்தின் அளவு ஆகியவை அந்த எண்ணின் கீழ்ப் பதிவாகும். பொறியாளர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலத்தை ஆராய்ந்து, 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுவர். 4-ம் அதற்குக் கீழும் மோசமான நிலை. இன்று இவ்வேட்டில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. கணிப்பொறி இன்றி இதைக் கையாள முடியாது.

தேய்மானம்

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாலத்தைக் கட்ட 10 கோடி ரூபாய் ஆயிற்று, அதன் ஆயுள் 50 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் மதிப்புக் குறைகிறது. இதுவே தேய்மானம். 20 ஆண்டு கழிந்தால் ஏட்டு மதிப்பு 6 கோடி.

கட்டிய ஆண்டில் செலவு எழுதி, பிறகு மறந்துவிட்டால் இந்தக் குறைவு கண்ணில் படாது. அமெரிக்க மாநில, நகர அரசுகள் சாலைகளையும் பாலங்களையும் தம் சொத்துக் கணக்கில் காட்டவேண்டும் என்ற விதி 1999-இல் வந்தது. தேய்மானம் எழுதலாம், அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நிலையைச் சோதித்து, அதைக் குறையாமல் காக்க ஆண்டுதோறும் எவ்வளவு பணம் வேண்டும் என்று காட்டலாம்.

இங்குதான் கணிப்பொறியின் பயன் விளங்குகிறது. பொறியாளரின் குறிப்பும் கணக்கரின் செலவும் ஒரே எண்ணின் கீழ் சேருகின்றன. எந்தப் பாலத்திற்கு இவ்வாண்டு வர்ணம் பூசினால் போதும், எதைத் தள்ளிப்போட்டால் பின்னர்ப் பெருஞ்செலவு வரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏடு மட்டும் போதுமா?

போதாது. 2007 ஆகஸ்ட் 1-இல் மின்னியாபொலிஸ் நகரில் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர். அது ஏட்டில் இருந்தது. குறைந்த மதிப்பெண்ணும் பெற்றிருந்தது. ஆனால் இணைப்புத் தகடுகள் தேவையான கனத்தில் பாதியே இருந்தன. இது வடிவமைப்பின் பிழை. மதிப்பெண்ணில் அது தெரியவில்லை. எனினும் அதே வகைப் பாலங்களைச் சோதிக்கவேண்டி வந்தபோது, அவை எவை என்பதை ஏட்டிலிருந்தே எடுக்க முடிந்தது. 1967-இல் இல்லாத வசதி இது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியின் நீரேற்றும் மோட்டார் 30,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. ஆயுள் 10 ஆண்டு என்று கொள்ளுங்கள். ஆறாண்டு முடிவில் ஏட்டு மதிப்பு என்ன? (விடை: 12,000 ரூபாய்.) தேய்மானத்தை ஏட்டில் எழுதுவதால் மட்டும் பெட்டியில் பணம் சேர்ந்துவிடாது. அப்படியானால் பத்தாம் ஆண்டு முடிவில் புது மோட்டார் வாங்க, இன்றிலிருந்து என்ன செய்யவேண்டும்? ஆசிரியருடன் பேசிப் பாருங்கள்.