பழைய கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் முறை

நம்மவர் கடைகள் பலவற்றின் பின்கட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடக்கிறது. கணக்கெழுத வாங்கியது. அதைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். பிள்ளைகளின் நிக்காஹ் படங்களும், காலஞ்சென்ற வாப்பா கல்லாவில் அமர்ந்திருக்கும் படமும் அதற்குள்ளே மட்டும் இருக்கக்கூடும்.

ஆகையால் முதல் வேலை பார்ப்பதன்று, பிரதி எடுப்பது. ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. வயதானது எந்த நாளும் நின்றுபோகலாம். இரண்டு தம்ப் டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வைப்பதே நாம் சொல்லும் முறை. மிகப் பழைய யுஎஸ்பி 1.1 பெட்டியாயின் ஒரு ஜிகாபைட்டுக்குக் கால்மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது.

இணையத்தில் சேர்க்கவும் வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. படம் பார்க்க இணையம் எதற்கு?

படம் திறக்க ஏன் இத்தனை தாமதம் என்று சிலர் கேட்கின்றனர். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றில் 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். கோப்பு 4 மெகாபைட்தான் என்றாலும், விரித்தால் 36 மெகாபைட் இடம் கேட்கும். மடித்துக் கட்டிய துணிக்கட்டை மேசைமேல் விரிப்பது போலத்தான். மேசை சிறிதாயின் திணறும். 512 மெகாபைட் நினைவுள்ள பெட்டியும் ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். ஆயிரம் படத்தை ஒரே கோப்புறையில் போட்டுத் திறப்பதுதான் தவறு. வருடவாரியாகப் பிரித்து, நூறு நூறாக வைத்தால் போதும். இர்ஃபான்வியூ என்னும் சிறு மென்பொருள் பழைய பெட்டிக்கு ஏற்றது. வீட்டு உபயோகத்திற்கு இலவசம், வியாபாரத்திற்குக் கட்டணம் உண்டு. கடைக்காரராகிய நாம் இதைக் கவனிக்கவேண்டும்.

ஐபோன் படங்கள் சில திறப்பதேயில்லை. 2017 முதல் அவை ஹெய்க் என்ற புது வகையில் சேமிக்கப்படுகின்றன. பழைய பெட்டி அதை அறியாது. கைப்பேசியின் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக் ஆகும். முன்பு எடுத்தவற்றை ஜேபெக்காக மாற்றித்தான் கொண்டுவரவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் திறக்கும். ஆனால் சுருங்கிவிடும், பெரிதாக அச்சிட உதவாது.

பெட்டியை விற்பதாயின் இன்னொன்று. படங்களோடு பில்லும், பாஸ்போர்ட் நகலும் அதில் இருக்கும். அழித்தல் என்பது சரக்குப் பட்டியலில் பெயரை அடிப்பது மாத்திரமே. சரக்கு கிடங்கிலேயே இருக்கும். தெரிந்தவர் மீட்டுவிடுவார். நான்கு திருகாணியைக் கழற்றி ஹார்ட் டிஸ்கை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை விற்கலாம். விலை சில வெள்ளி குறையும், அவ்வளவுதான்.